தரிசு என்றால் வீண் இல்லை

"தரிசாகத்தானே கிடக்கிறது, எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?" தொழிற்பேட்டைக்கு இடம் தேடும்போதும், மனைப்பிரிவு போடும்போதும், சூரிய மின்தகடு பதிக்கும்போதும், மரக்கன்று நடும் விழாவின்போதும் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. கேட்பவர்கள் எல்லோரும் நிலத்தை விழுங்க நினைப்பவர்கள் இல்லை. வயலைக் காப்பாற்ற வேண்டும் என்று மெய்யாகவே கவலைப்படுபவர்கள்கூட "விளைநிலத்தில் கை வைக்காதீர்கள், தரிசில் செய்துகொள்ளுங்கள்" என்றுதான் சொல்கிறார்கள். மேடையிலும் தலையங்கத்திலும் திட்ட அறிக்கையிலும் ஒரே முடிவுதான்: தரிசு எதற்கும் உதவாத நிலம், அதை நம்பி யாரும் பிழைக்கவில்லை, அதைப் பயனுக்குக் கொண்டுவருவது நாட்டுக்குச் செய்யும் நன்மை.

இந்த முடிவை முழுமையாக மறுக்கிறேன். தரிசு என்பது மண்ணின் தரத்தைச் சொல்லும் சொல்லே கிடையாது. நிலம் இப்போது எந்தக் காலத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல் அது. காலத்தைக் குறித்த சொல்லைத் தரத்தைக் குறித்த சொல்லாக மாற்றிப் படித்ததால் மானாவாரிக் காடும் மேய்ச்சல் வெளியும் குறைந்துகொண்டே வருகின்றன. அவை போவது இழப்பாகக்கூட யாருக்கும் உறைப்பதில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிலம் வைத்திருப்பவர்கள் தரிசு என்ற சொல்லை எந்த வினையோடு சேர்க்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி விளங்கிவிடும். "இந்த வருசம் மேக்காட்டைத் தரிசு போட்டுட்டேன்" என்பார்கள். 'போடுதல்' ஒருவர் முடிவெடுத்துச் செய்யும் காரியம். கடலை போடுகிறோம், எள்ளுப் போடுகிறோம், அதே வாயால் தரிசும் போடுகிறோம். மூன்றும் அந்த ஆண்டுக்கான திட்டங்கள். "தரிசாக் கெடக்கு" என்றால் அந்தத் திட்டத்தின் விளைவு கண்ணெதிரே இருக்கிறது என்று பொருள். "தரிசாப் போச்சு" என்றால்தான் இழப்பு: கிணறு வற்றியிருக்கும், ஆள் கிடைத்திருக்காது, பங்காளிச் சண்டை நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். போடு, கிட, போ என்ற மூன்று வினைகளும் மூன்று வேறு நிலைமைகளைச் சொல்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் மூன்றையும் 'போச்சு' என்றே கேட்கிறார்.

மண்ணில் குறை இருந்தால் அதைச் சொல்ல உழவரிடம் வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன. உப்புப் பூத்த நிலம் உவர். நீர் இறங்காமல், காய்ந்தால் இறுகி, நனைந்தால் குழைந்து, விதையைக் கொல்லும் நிலம் களர். சுண்ணாம்புக் கல் கலந்தது சுக்கான். இவை மண்ணைப் பற்றிய தீர்ப்புகள்; மழை பெய்தாலும் ஏர் ஓட்டினாலும் எளிதில் மாறாதவை. கல்லாதவரை விளையாத நிலத்துக்கு ஒப்பிட வந்த வள்ளுவர், 406-ஆம் குறளில் தேர்ந்தெடுத்த சொல் களர். விளையாத மண்ணைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதற்குரிய சொல்லை மிகச் சரியாக எடுத்திருக்கிறார். தரிசு அந்த வரிசையில் வரவே வராது. நல்ல கரிசலும் தரிசாக இருக்கும், வண்டல் வயலும் தரிசாக இருக்கும், முப்போகம் விளைந்த தோட்டமும் தரிசாக இருக்கும்.

நிலத்தின் நிலையைக் காலத்தோடு சேர்த்துப் பார்ப்பது தமிழுக்குப் பழைய பழக்கம். பாலைத் திணையைச் சிலப்பதிகாரம் எப்படி விளக்குகிறது? முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து துயருறுத்தும்போது கொள்ளும் வடிவமே பாலை என்கிறது. பாலை என்று தனியாக ஒரு பூமி இல்லை; அது ஒரு பருவம், மழை வந்தால் மாறிவிடும். இப்படி யோசித்த மொழியில், கோடையில் பார்த்த காட்சியை வைத்து ஒரு நிலத்துக்கு நிரந்தரமாகப் பெயர் சூட்டுவது எவ்வளவு பிசகு!

இனி வயலுக்குப் போவோம். தரிசு என்றால் வீண் என்பவர்கள் தை மாதத்தில் காவிரிப் படுகைக்கு வர வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் சம்பாவும் தாளடியும் முற்றி அறுப்புக்கு நிற்கும். வயலில் தண்ணீர் வடிந்திருக்கும், ஈரம் மட்டும் மண்ணில் இருக்கும். காலை வைத்தால் சேறு ஒட்டாது, ஆனால் அடிச்சுவடு பதியும். இதை மெழுகு பதம் என்பார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நின்றுகொண்டிருக்கும்போதே, ஏக்கருக்கு 10, 12 கிலோ உளுந்தை அல்லது பச்சைப்பயறைக் கதிருக்கு ஊடே கைவீசித் தெளிப்பார்கள். உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது. அறுப்பு நடக்கும்போது விதை முளைத்து, தாளுக்கு இடையில் இரண்டிலை விட்டிருக்கும். அறுத்தவர்கள் போன பிறகு அது மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் விடியற்காலைப் பனியையும் குடித்து எழும். சுமார் 70 நாளில், பங்குனி வாக்கில், செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்துவிடுவார்கள்.

இந்தச் சாகுபடிக்கு என்ன பெயர்? நெல் தரிசு உளுந்து. வேளாண் துறையின் கையேட்டிலும் இதே பெயர்தான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 3 என்ற உளுந்து ரகம் நெல் தரிசுக்கென்றே பரிந்துரைக்கப்பட்டது. நம் வீட்டு இட்லி மாவுக்கான உளுந்தில் ஒரு பங்கு தரிசிலிருந்துதான் வருகிறது. அந்த உளுந்தின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. அடுத்த நெல்லுக்கு அது உரம். நெல்லின் பார்வையில் அந்த நிலம் தரிசு, அவ்வளவே. உழவரின் பார்வையில் அது அடுத்த வேலையில் இருக்கிறது.

உளுந்து எடுத்த பிறகும் வயல் சும்மா இருப்பதில்லை. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு படுகைக்கு வருவார்கள். பகலில் தாளும் புல்லும் மேயும் ஆடுகளை இரவில் ஒரு வயலில் அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். வயல்காரர் கிடைக்குக் கூலி கொடுப்பார். ஆட்டுக்குத் தீனி, வயலுக்கு எரு, கீதாரிக்குப் பிழைப்பு என்று மூன்றும் ஒரே இரவில் ஒரே தரிசில் நடக்கின்றன. இந்தக் கணக்கில் தரிசு இல்லாமல் போனால் கிடை இல்லை. கிடை இல்லாவிட்டால் எருவை மூட்டையாக விலைக்கு வாங்க வேண்டும்.

"இது படுகை, தண்ணீர் உள்ள நாடு; வறண்ட மாவட்டங்களில் உள்ளது உண்மையான தரிசுதானே?" என்று கேட்பார்கள். அப்படியானால் கொங்கு நாட்டின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் காட்டைப் பார்க்கட்டும். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கங்களில் மழை குறைவு, மண்ணும் மெலிது. தார்ச்சாலையில் காரில் போகிறவருக்கு அங்கே தெரிவது கிளுவை வேலி, காய்ந்த புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல் மரம். "சும்மா கிடக்கும் காடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வேலி தானாக முளைத்ததில்லை. கிளுவைப் போத்துகளை நெருக்கமாக ஊன்றி, ஆண்டுதோறும் பார்த்து அடைத்து வளர்த்த உயிர்வேலி. உள்ளே இருப்பது கொழுக்கட்டைப் புல். கடும் வறட்சியில் தூர் காய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும். வெள்வேல் கோடையில் நிழல் தரும். அதன் நெற்றை ஆடுகள் பொறுக்கித் தின்னும். காட்டைப் பல துண்டுகளாக அடைத்து, ஒரு துண்டை மேயவிட்டு மற்றொன்றை ஆறவிடுவார்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில். ஏர் ஓடாத ஆண்டுகளை மட்டும் எண்ணுகிற கண்ணுக்கு இது வீணாகக் கிடக்கும் நிலம். நிலத்துக்குரிய குடும்பத்துக்கோ மாட்டையும் ஆட்டையும் தாங்கும் மூலதனம்.

அப்படியானால் தரிசு என்றால் வீண் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? உழவர் வீட்டிலிருந்து வரவில்லை. வரிக் கணக்கிலிருந்து வந்தது. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ நிலைநாட்டிய ரயத்துவாரி முறை ஒவ்வொரு புலத்தையும் அளந்து, அதன் மேல் தீர்வை கட்டி, அதைச் செலுத்தும் ரயத்தைப் பதிவு செய்தது. அந்த ஏட்டுக்குத் தெரிந்த நிலம் இரண்டு வகைதான்: தீர்வை வரும் நிலம், தீர்வை வராத நிலம். யாரும் பட்டா எடுக்காத நிலத்துக்கு 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று பெயர் எழுதினார்கள். புல் முளைத்ததா, மாடு மேய்ந்ததா, விறகு கிடைத்ததா என்பதெல்லாம் அந்த ஏட்டின் கேள்வி இல்லை. கஜானாவுக்கு வரவு இல்லை என்பது ஒன்றே அங்கே தரிசின் இலக்கணம். வெள்ளைக்காரர் வரி ஏட்டுக்கு எது வீணோ அதை நாமும் வீண் என்று சொல்லப் பழகிவிட்டோம்.

இன்றும் நம் வருவாய் ஆவணங்களில் இந்தக் குழப்பம் நீடிக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு பசலிக்கும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதுகிறார். பயிர் இல்லாத புலத்துக்கு 'தரிசு' என்று எழுதுகிறார். இது அந்த ஓராண்டின் நிலை; அடுத்த பசலியில் மாறலாம். அதே கிராமத்தின் அ-பதிவேட்டில் 'தரிசு' என்று இருந்தால், அது அரசுக்குரிய ஒரு நில வகை, ஆண்டுதோறும் மாறாது. ஒரே சொல், ஒரே அலுவலகம், ஒரே அலமாரி. ஓர் ஏட்டில் காலம், மற்றொன்றில் உடைமை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "நம் மாவட்டத்தில் இவ்வளவு தரிசு இருக்கிறது" என்று ஒரே தொகையாகச் சொன்னால், பட்டா நிலத்தில் ஓராண்டு ஆறவிட்ட உழவரின் காடும், ஊர் மாடு மேயும் அரசுப் புறவெளியும், உண்மையிலேயே கைவிடப்பட்ட தோட்டமும் ஒரே குவியலில் விழுந்துவிடும்.

புள்ளியியலும் இந்தக் குழப்பத்தை முழுமையாகத் தீர்க்கவில்லை. 1950-ஐ ஒட்டி நாடு முழுவதும் வந்த ஒன்பது வகை நிலப் பயன்பாட்டுக் கணக்கு, ஓராண்டு பயிரிடாததை நடப்புத் தரிசு என்றும், ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை பயிரிடாததைப் பிற தரிசு என்றும், ஐந்து ஆண்டைத் தாண்டியதைச் சாகுபடிக்கேற்ற தரிசு என்றும் பிரித்தது. முதல் இரண்டும் ஆறப்போட்ட நிலம். மூன்றாவதை அந்தக் கணக்கே வேறு இனமாக, வீணாகக் கிடப்பதாகக் கருதுகிறது. தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்லை ஒட்டவைத்துவிட்டோம். தொடர்ந்து சில ஆண்டு மழை பொய்த்தால் போதும், ஒரு மானாவாரிக் காடு முதல் பட்டியலிலிருந்து மூன்றாவது பட்டியலுக்கு நகர்ந்துவிடும். மண் மாறியிருக்காது, உடையவர் மாறியிருக்க மாட்டார், வானம் மட்டும்தான் மாறியிருக்கும்.

புறம்போக்குக்கும் இதே கதிதான். தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக, ஊரின் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய நிலம் அது. ஏரி, வாய்க்கால், களம், மேய்க்கால், மந்தை, சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். விற்கவும் கூடாது, வரி போடவும் கூடாது என்று காப்பாற்றிய நிலத்தின் பெயர் இன்று ஒரு வசைச்சொல். மேய்ச்சல், களம், ஏரி போன்ற ஊர்ப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில், ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட வேண்டிய நிலைக்கு நாடு வந்தது.

சொல்லைத் தவறாகப் படித்ததன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். நீலகிரியில் தொதவர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த மலைப் புல்வெளிகளை மரமில்லாத வீண்நிலமாகப் பார்த்தார்கள். அங்கே சீகையும் தைலமரமும் நட்டார்கள். சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல மெல்ல விட்ட ஏற்பாடு குலைந்தது. சீகை தானாகப் பரவிப் புல்லை மூடியது. இன்று அதே மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்க அரசே செலவு செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்தது காட்டாமணக்கு. தரிசில் அதை நட்டால் டீசலுக்கு மாற்று கிடைக்கும் என்று நாடு முழுக்கப் பேசினார்கள். 2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று இலக்கு வைத்தது. தண்ணீரும் உரமும் இல்லாத நிலத்தில் காட்டாமணக்கு எதிர்பார்த்தபடி காய்க்கவில்லை. நட்ட உழவர்கள் பலர் செடியைப் பிடுங்கிப் போட்டார்கள். 'சும்மா கிடக்கும் நிலம்' என்று தொடங்கிய திட்டம், அந்த நிலம் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கவே இல்லை.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களுக்கு வருகிறேன். அவற்றில் வலுவானது இது: "உழவர்களே நிலத்தைக் கைவிடுகிறார்கள். இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். சீமைக் கருவேலம் மண்டிய காட்டை ஆறப்போட்ட நிலம் என்று சொல்வது வெறும் ஏக்கம்." கைவிடப்பட்ட நிலம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் வாதம் அதனால் பலவீனப்படாது, இன்னும் உறுதிப்படும். கைவிட்டதையும் ஆறப்போட்டதையும் மேய்ச்சலையும் ஒரே சொல்லில் அடைத்தால், எதற்கு என்ன மருந்து என்று தெரியாது. கைவிட்ட நிலத்துக்குத் தேவை விலை, ஆள், தண்ணீர். ஆறப்போட்ட நிலத்துக்குத் தேவை காலம். மேய்ச்சலுக்குத் தேவை காவல். கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் தரிசுகளைத் தொகுப்பாகச் சேர்த்துக் கிணறு வெட்டிச் சாகுபடிக்குக் கொண்டுவர வகுக்கப்பட்டது. கைவிட்ட தோட்டத்துக்கு அது நல்ல உதவி. அதே கிணற்றை மேய்ச்சல் காட்டில் வெட்டினால் புல்லும் போய், சில ஆண்டுகளில் நீரும் போய்விடும். திட்டம் ஒன்றுதான், நிலத்தை என்ன பெயரில் பதிந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

சிலர் வள்ளுவரையே துணைக்கு அழைப்பார்கள். உடையவன் போய்ப் பார்க்காத நிலம் மனைவியைப் போல ஊடிவிடும் என்று 1039-ஆம் குறள் சொல்கிறதே, தரிசு போடுவது சோம்பல்தானே என்பார்கள். அந்தக் குறள் கேட்பது போய்ப் பார்ப்பதை. தரிசு போட்டவர் நிலத்துக்குப் போகாமலா இருக்கிறார்? வேலி அடைக்கிறார், வரப்பைச் சரிசெய்கிறார், கோடை மழைக்கு ஓர் உழவு ஓட்டுகிறார், கொழுஞ்சி தானாக முளைத்திருந்தால் விதைக்கு விட்டுவைக்கிறார். அதே அதிகாரத்தின் 1037-ஆம் குறளைப் படித்தால், உழுத புழுதி கால் பங்காகக் காயும்வரை பொறுத்தால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. நிலத்தைக் காயவிடுவதும் உழவின் ஒரு பகுதி என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, இங்கே யாரும் படிப்பதில்லை என்று முடிவுகட்டுகிறவரை நாம் ஏற்றுக்கொள்வோமா?

இரண்டாவது வாதம்: தொழில் வேண்டும், மின்சாரம் வேண்டும், அதற்கு நிலம் வேண்டும். வேண்டும்தான். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பதை எதிர்ப்பது என் நோக்கம் இல்லை. என் வழக்கு வேறு. நன்செய் கேட்டால் நாடே பேசுகிறது, மானாவாரி கேட்டால் யாரும் பேசுவதில்லை. 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் 10-ஆம் பிரிவில், பாசனமுள்ள பலபோக நிலத்தைத் தவிர்க்க முடியாத நிலையில்தான் எடுக்க வேண்டும் என்று தடை வைத்திருக்கிறது. அப்படி எடுத்தால் அதற்கு ஈடாக அதே அளவு சாகுபடிக்கேற்ற தரிசை வேளாண்மைக்கு மேம்படுத்த வேண்டும் என்கிறது. தரிசு அங்கே வேறொன்றுக்கு ஈடு கொடுக்கும் பொருள். அந்தத் தரிசில் ஏற்கெனவே மேய்பவரும், விறகு பொறுக்குபவரும், மழை ஆண்டில் கம்பும் துவரையும் விதைப்பவரும் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எடுக்க வேண்டிய தேவை இருந்தால், ஒருவரின் பிழைப்பை எடுக்கிறோம் என்று ஒப்புக்கொண்டு, அதற்குரிய இழப்பீட்டைப் பேசி எடுங்கள். ஒன்றுமில்லாததை எடுக்கிறோம் என்று சொல்லி எடுக்காதீர்கள்.

மூன்றாவது வாதம் மொழி பற்றியது: சொல்லின் பொருள் மாறும், மக்கள் வழங்குவதே பொருள், இன்று தரிசு என்றால் வீண் என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். வழக்கே பொருளைத் தீர்மானிக்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் யாருடைய வழக்கு? நெல் தரிசில் உளுந்து தெளிப்பவரும், ஆட்டுக்கிடைக்குத் தரிசு தேடுபவரும், காட்டைத் தரிசு போட்டுவிட்டு ஆடிப்பட்டத்துக்குக் காத்திருப்பவரும் இன்றும் அந்தச் சொல்லை அன்றாடம் பேசுகிறார்கள். நிலத்தோடு வாழ்கிறவர் வாயில் உயிரோடு இருக்கும் பொருளை ஒதுக்கிவிட்டு, நிலத்தைக் கேட்கிறவர் வாயில் இருக்கும் பொருளை மட்டும் வழக்கு என்று ஏற்க எந்த நியாயமும் இல்லை.

செய்ய வேண்டியது கடினமான காரியமும் இல்லை. அடங்கலில் 'தரிசு' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், ஆறப்போட்டது, மேய்ச்சலுக்கு விட்டது, நீரின்றி நின்றது, கைவிட்டது என்று காரணத்தோடு எழுதலாம். கிராம நிர்வாக அலுவலர் புலத்துக்குப் போய் உடையவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். மாவட்டக் கணக்கில் பட்டா நிலத் தரிசையும் அரசுத் தரிசையும் சேர்த்து ஒரே தொகையாக வெளியிடுவதை நிறுத்தலாம். எந்தத் தரிசையும் வேறு பயனுக்குக் கொடுக்கும் முன், எந்த மாதத்தில் யார் அதில் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலைக் கிராம சபையில் வாசித்து, ஆட்சேபம் கேட்டுப் பதிவு செய்யலாம். அந்தப் பட்டியலில் கீதாரியின் பெயரும் மேய்ப்பவரின் பெயரும் இருக்க வேண்டும். பட்டா இல்லை என்பதற்காக அவர்கள் விடுபடக் கூடாது. பத்திரிகையில் எழுதுகிற நாமும் 'வீணாகக் கிடக்கும் தரிசு' என்ற சொற்சேர்க்கையை விட்டுவிட வேண்டும். வீண் என்று எழுத விரும்பினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எழுதுபவருக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலை முழுவதும் கேட்ட பிறகும் ஒரு புலத்தில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை என்று தெரிந்தால், அப்போது அதைக் கைவிட்ட நிலம் என்று எழுதட்டும். அதுவரை அது யாரோ ஒருவரின் நிலம்.